குறிப்புகளுக்கு நடுவே ஓர் இட்டேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே, இரண்டு புறமும் கிளுவை வேலியோடு, மாடும் வண்டியும் போகிற தடத்துக்கு இட்டேரி என்று பேர். கணினியில் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளில் எது எதோடு சேரும் என்று தேடிக் காட்ட நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதற்கும் அந்தப் பேரையே வைத்துவிட்டேன். முதலில் எனக்காக மட்டும்தான். பிறகு கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் போடும் ஒரு பண்ணையக்காரர், வட்டாரச் சொற்கள் சேர்க்கும் ஒரு கல்லூரி ஆசிரியை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் என்று பத்துப் பதினைந்து பேர் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

போனிலும் நேரிலும் எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். அப்சிடியன் (Obsidian) மாதிரி குறிப்பு எழுதும் வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஏனுங்க, இது என்னதான் பண்ணுதுங்க?

ஒரு ஃபோல்டரில் இருக்கும் மார்க்டவுன் கோப்புகளை எல்லாம் படித்து, ஒவ்வொரு குறிப்புக்கும் 'இதோடு இவை சேரலாம்' என்று ஐந்து குறிப்புகளைக் காட்டும். நீங்கள் ஏற்கெனவே இணைத்து வைத்தவற்றை விட்டுவிடும். இன்னொரு வேலையும் உண்டு: ஒரு குறிப்பின் தலைப்பு வேறொரு குறிப்புக்குள்ளே இணைப்பில்லாமல் சும்மா கிடந்தால், அந்த வரியை எடுத்துக் காட்டும். அப்சிடியனிலும் இந்த இரண்டாவது வேலைக்கு வசதி இருக்கிறது.

அவ்வளவுதான். உங்கள் கோப்பில் ஓர் எழுத்தைக்கூட அது மாற்றாது. ஏன் அப்படி வைத்தேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, பின்னால் வரும்.

மார்க்டவுன்னா என்னங்க? வேர்டுல அடிச்சா ஆகாதா?

மார்க்டவுன் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. தலைப்புக்கு முன்னால் #, தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரண்டு நட்சத்திரம் என்று கொஞ்சம் அடையாளங்கள், அவ்வளவே. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்டார், ஆரன் ஸ்வார்ட்ஸும் அதில் கை கொடுத்தார். நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். இன்னொரு குறிப்பின் பேரை [[மஞ்சள்]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது இணைப்பு. இந்த இரட்டை அடைப்பு குரூபரின் மார்க்டவுனில் கிடையாது, விக்கிகளிலிருந்து வந்த பழக்கம். அப்சிடியன், லாக்சீக், ஃபோம் எல்லாம் இதைப் புரிந்துகொள்ளும்.

வேர்ட் கோப்பு என்பது பல கோப்புகளை உள்ளே வைத்துச் சுருக்கிக் கட்டிய மூட்டை. என் நிரல் அந்த மூட்டையை அவிழ்க்காது. பாண்டாக் என்ற இலவச நிரலைக் கொண்டு மார்க்டவுனாக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

தேடுற பெட்டிதான் எல்லாத்துலயும் இருக்குதுங்களே. அப்புறம் இது எதுக்கு?

தேடுவதற்கு என்ன சொல்லைத் தேடுவது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். மறந்துபோனதைத் தேட முடியாது.

மஞ்சள் பண்ணையக்காரர் கதையைச் சொல்கிறேன். வேகவைத்த மஞ்சள் களத்தில் காயும்போது இரவுப் பனி இறங்கி நிறம் மங்கிவிட்டது என்று ஒரு தை மாதம் எழுதி வைத்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால், பழைய தார்ப்பாய் வாங்கிய செலவைப் பற்றி எழுதும்போது, 'களத்தில் பனி இறங்குது, மூடாமல் விட்டால் நிறம் போகும்' என்று அவரே ஒரு வரி போட்டிருந்தார். குறிப்பின் தலைப்பு 'தார்ப்பாய் செலவு'. மஞ்சள் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. களம், பனி, நிறம் மூன்றும் இரண்டிலும் இருந்ததால் இட்டேரி அதைத் தூக்கிக் கொண்டுவந்து வைத்தது. 'நானே எழுதி வெச்சு நானே மறந்துட்டனுங்க' என்று அவருக்கு ஒரே சிரிப்பு.

நான் எழுதினதெல்லாம் எங்கயாச்சும் போயிருமுங்களா? நெட்டு வேணுமா?

நெட் வேண்டாம். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது, எங்கும் எதுவும் அனுப்புவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: பின்னால் வட்டாரச் சொல் பற்றிய கேள்வியில் வரும் பெரிய மொழி மாதிரியை (language model) வேண்டும் என்று நீங்கள் போட்டுக்கொண்டால், அதை ஒரு முறை இறக்க நெட் வேண்டும். இறக்கிய பிறகு அதுவும் உள்ளேயே ஓடும்.

உங்கள் ஃபோல்டரையே ஏதாவது மேகச் சேமிப்பில் வைத்திருந்தால் அது வேறு கதை. அதற்கு இட்டேரி பொறுப்பாகாது.

எங்கிட்ட நாப்பது குறிப்புதான் இருக்குது. இப்பவே போட்டுறட்டுங்களா?

வேண்டாம். நாற்பது குறிப்பில் 780 ஜோடிதான் அமையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பதையும் படித்தால் எது எதோடு சேரும் என்று நீங்களே சொல்லிவிடலாம், இந்த நிரலைவிட நன்றாகவே சொல்வீர்கள். 600 குறிப்பு ஆனால் 1,79,700 ஜோடி. அங்கேதான் மனிதனுக்குக் கை ஓய்ந்துபோகிறது. என் கணக்கில் இருநூறைத் தாண்டிய பிறகு யோசிக்கலாம்.

போன்ல ஓடுமுங்களா?

ஓடாது.

ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?

அதற்கு ஒன்றும் தெரியாது. சொற்களை எண்ணுகிறது. எல்லாக் குறிப்பிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் சொன்ன யோசனை இது. இன்றைக்கும் தேடல் நிரல்களின் அடியில் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது.

என் 600 குறிப்பில் 'தண்ணீர்' 300 இடத்தில் வருகிறது என்று வையுங்கள். 600ஐ 300ஆல் வகுத்தால் 2, அதன் இயல் மடக்கை (natural log) 0.69. 'கொரங்காடு' (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) மூன்றே குறிப்பில் வருகிறது. 600ஐ மூன்றால் வகுத்தால் 200, மடக்கை 5.3. ஆக, இரண்டு குறிப்பிலும் கொரங்காடு இருந்தால், இரண்டிலும் தண்ணீர் இருப்பதைவிட ஏழரை மடங்கு பெரிய சேதி. காங்கேயம் மாடு பற்றிய குறிப்பும் கொழுக்கட்டைப் புல் பற்றிய குறிப்பும் அப்படித்தான் ஒன்றையொன்று கண்டுபிடித்தன, கொரங்காடு என்ற ஒரு சொல்லால்.

நீளமான குறிப்பில் எல்லாச் சொல்லும் வந்துவிடும், அதனால் அது எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க நீளத்தால் வகுத்துச் சமன் செய்கிறேன். கணக்கு அவ்வளவுதான், மந்திரம் எதுவும் கிடையாது.

'கிணறு'ன்னு ஒரு குறிப்பு இருக்குது. 'கிணத்துல தண்ணி வத்திருச்சு'ன்னு எழுதினதை அது கண்டுக்கவே மாட்டேங்குதுங்களே?

இதுதான் அதிகம் பேர் கேட்டது, எனக்கும் அதிக நாள் பிடித்தது. இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் சொல்லுக்கு வால் குறைவு. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதோடு விடாமல் சொல்லின் உடம்பையே மாற்றும். கிணறு 'கிணற்று' ஆகி, பிறகு கிணற்றில், கிணற்றை, கிணற்றுக்கு. மரம் 'மரத்து' ஆகிறது, வீடு 'வீட்டு' ஆகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு 'மரம்' வேறு, 'மரத்தை' வேறு.

இட்டேரி முதலில் உருபைக் கழற்றுகிறது. பிறகு 'ற்று' என்று முடிந்தால் 'று', 'த்து' என்று முடிந்தால் 'ம்', 'ட்டு' என்று முடிந்தால் 'டு' என மாற்றிப் பார்க்கிறது. எழுத்துத் தமிழுக்கு இது ஓரளவு போதும். ஆனால் நாம் பேசுகிறபடி எழுதினால் மாட்டிக்கொள்கிறது. 'கிணத்துல' என்பதில் 'ல'வைக் கழற்றினால் 'கிணத்து', அதை விதிப்படி மாற்றினால் 'கிணம்'. அப்படி ஒரு சொல்லே கிடையாது. எதிர்ப்பக்கமும் அடி விழும்: 'காட்டினார்' என்பதை வெட்டி வெட்டிக் 'காடு' ஆக்கிவிடும். 'ஆறு மூட்டை எருப் போட்டேன்' என்ற குறிப்பை நொய்யல் ஆற்றோடு சேர்த்துக் காட்டியதும் உண்டு. நான் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன், அதைத் திருத்தப் போனால் வேறு பத்து கெடும்.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. குறிப்பின் தலையில் மாற்றுப் பெயர் என்று ஒரு வரி போட்டு, நீங்கள் நிஜமாகவே எழுதும் வடிவங்களைப் பட்டியலிடுங்கள்: கிணத்துல, கிணத்துக்கு, கெணறு. எழுதும்போது [[கிணறு|கிணத்துல]] என்று போட்டால் இணைப்பு கிணறுக்குப் போகும், கண்ணுக்கு 'கிணத்துல' என்று தெரியும். வாக்கியமும் கெடாது. தமிழில் எழுதுகிறவருக்கு அந்த நடுக்கோடு பெரிய உபகாரம்.

பார்த்தா ஒரே எழுத்தாத்தான் இருக்குது. ஆனா ரெண்டும் வேற வேறன்னு சொல்லுதுங்க. என் கண்ணு கெட்டுப்போச்சா?

கண் நன்றாகத்தான் இருக்கிறது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறைக்கு யூனிகோட் என்று பேர். அதில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு வழி. எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகப் போடுவது இன்னொரு வழி. திரையில் ஒன்றுதான், உள்ளே எண்கள் வேறு. எந்த விசைப்பலகையில் அடித்தீர்கள், எங்கிருந்து ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். இதைச் சமன்படுத்த யூனிகோடிலேயே விதி இருக்கிறது. படிக்கும்போதே இட்டேரி அதைச் செய்துவிடுகிறது. பழைய மேக் கணினிகள் கோப்பின் பேரைத் தாமாகவே இப்படிப் பிரித்து வைக்கும் வழக்கம் உண்டு. மேக்கிலிருந்து லினக்சுக்குக் கொண்டுபோனபோது இணைப்பெல்லாம் அறுந்துவிட்டது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

விதிக்குள் அடங்காத கேசும் உண்டு. கௌசிகா நதியையே எடுத்துக்கொள்வோம், நொய்யலில் சேர்கிறதே அதுதான். 'கௌ' என்று அடிக்க வேண்டிய இடத்தில் பலர் 'கெ' அடித்து அடுத்து 'ள' அடித்துவிடுகிறார்கள். கெளசிகா. பார்க்க அப்படியே இருக்கும், உள்ளே மூன்று எழுத்துச் சொல் நான்கு எழுத்தாகிவிட்டது. யூனிகோட் விதி இதைத் திருத்தாது, ஏனென்றால் 'ள' நிஜமான எழுத்து. எல்லாக் 'கெள'வையும் 'கௌ' ஆக்கிவிடலாமே என்று ஒரு நாள் இறங்கினேன். கெளுத்தி மீன் கெட்டுப்போய்விட்டது. அதோடு அந்த வேலையை விட்டேன். இப்போது சந்தேகமான சொற்களைப் பட்டியல் போட்டுத் தரும், நீங்கள்தான் பார்த்துத் திருத்த வேண்டும். 'ஸ்ரீ'யும் இதே ரகம், அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள்.

பழைய ஃபைலெல்லாம் பாமினியில அடிச்சதுங்க. அப்படியே போட்டுறலாமா?

முடியாது. பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கிறது, எழுத்துரு மட்டும் தமிழ் வேஷம் கட்டுகிறது. மார்க்டவுனில் எழுத்துருவே கிடையாது என்பதால் வேஷம் கலைந்து வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடாக மாற்றும் இலவச நிரல்கள் நிறைய இருக்கின்றன. மாற்றிவிட்டு ஒரு முறை கண்ணால் படியுங்கள். நடுவில் கிடக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கி வைத்திருக்கும்.

'பொழுதோட தண்ணி கட்டினேன்'னு ஒண்ணு, 'மாலையில் பாசனம்'னு ஒண்ணு. ரெண்டும் ஒரே சேதிதானுங்களே, ஏன் சேர மாட்டேங்குது?

சொற்களை எண்ணும் கணக்குக்கு இரண்டிலும் ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. இங்கே இரண்டு வழி இருக்கிறது. வாக்கியத்தின் பொருளையே எண்களாக மாற்றும் மொழி மாதிரிகளைப் பயன்படுத்துவது ஒன்று. கூகுள் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட லேப்சே என்ற மாதிரி 109 மொழிகளை எடுத்துக்கொள்கிறது, தமிழும் அதில் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் 768 எண்களாக்கும். எண்கள் ஒரே திசையில் இருந்தால் பொருளும் கிட்டத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். 'மாலையில் பாசனம்' என்பதையும் 'சாயங்காலம் நீர் பாய்ச்சினேன்' என்பதையும் இது சேர்த்துவிடும். ஏறக்குறைய இரண்டு ஜிபி இறக்க வேண்டும், பழைய கணினி மூச்சு வாங்கும்.

ஆனால் இந்த மாதிரிகள் கற்றுக்கொண்டது இணையத்தில் கிடைக்கும் தமிழிலிருந்து. அங்கே பொழுதோட, ஒறம்பரை, தொண்டுபட்டி எல்லாம் எத்தனை தரம் வந்திருக்கும்? தெரியாத சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி ஊகிக்கும். அதைவிடச் சிக்கல், தெரிந்த சொல் மாதிரித் தெரிகிற சொல். நமக்குத் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனமோ வாய்க்கால் பாசனமோ இருக்கும் நிலம். காடு என்றால் மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலம். 'காட்டுல சோளம் விதைச்சேன்' என்றால் மாதிரிக்கு யானையும் புலியும் ஞாபகம் வரும்.

அதனால் நான் கையால் ஒரு சொல் ஜோடிக் கோப்பு வைத்திருக்கிறேன். ஒரு வரிக்கு ஒரு ஜோடி: பொழுதோட என்றால் மாலையில், ஒறம்பரை என்றால் உறவினர், பண்ணையம் என்றால் விவசாயம், இப்படி. கல்லூரி ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, 'பண்ணையத்துல மாடு, கன்னு, ஆள் அம்பு எல்லாம் அடங்குமே, வெறும் விவசாயம்னா பத்துமா?' என்று கேட்டார். பத்தாதுதான். அகராதிக்கு அது தப்பு, தேடுவதற்குப் போதும். உங்கள் ஊர்ச் சொல்லை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவைக்கும் தாராபுரத்துக்குமே சொல் மாறுகிறது.

'போடலாம்'னு எழுதினதையும் 'போடக்கூடாது'ன்னு எழுதினதையும் கொண்டுவந்து பக்கத்துல வெக்குதுங்க. இது என்ன கூத்து?

கூத்து இல்லை, அதன் குணமே அது. இரண்டு குறிப்பும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றனவா என்றுதான் அது பார்க்கும். ஒத்துப்பேசுகின்றனவா, சண்டை போடுகின்றனவா என்று அதற்குத் தெரியாது. தமிழில் இது இன்னும் மோசம். 'இல்லை', 'கூடாது', 'ஆமல்' எல்லாம் சொல்லின் வாலில்தான் இருக்கின்றன. கிணறு கேள்வியில் சொன்னேனே, வாலைத்தான் முதலில் வெட்டுகிறோம். காய்ந்தது, காயவில்லை இரண்டும் 'காய்' ஆகிவிடும்.

எனக்கென்னவோ இதுதான் இந்தக் கருவியின் பெரிய லாபம் என்று படுகிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒன்று எழுதியிருப்பீர்கள், இன்று அதற்கு நேர்மாறாக எழுதுவீர்கள், இரண்டும் வெவ்வேறு மூலையில் கிடக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மனசு மாறியிருக்கிறது என்றே தெரியும். மெர்ச்சண்டைசர் நண்பருக்கு இப்படி ஒரு சாயக் கலர் விஷயத்தில் நல்ல சேதாரம் தப்பியது.

படம் போட்டா சிலந்திவலை மாதிரி அழகா வருதுங்க. அதை வெச்சு என்ன பண்றது?

ஒன்றும் பண்ண முடியாது. ஒறம்பரை வந்தால் காட்டலாம்.

சரி, ஒரே ஒரு பயன் உண்டு. எதோடும் சேராமல் ஓரத்தில் தனியாக மிதக்கும் புள்ளிகளைப் பாருங்கள். அவை ஒன்று பாதியில் விட்ட குறிப்பு, இல்லையென்றால் எழுத்துப் பிழையால் அறுந்த இணைப்பு.

எதுக்குங்க இத்தனை ரோதனை? அதுவே எல்லாத்தையும் இணைச்சு விட்டுட்டா முடிஞ்சுதே?

முதலில் நான் அப்படித்தான் எழுதினேன். ஒரு பொழுதோட ஓட விட்டேன். 600 குறிப்பு, ஒவ்வொன்றின் அடியிலும் ஐந்து இணைப்பு, மொத்தம் 3,000. அன்றைக்குப் பார்க்க ஆனந்தமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கவனித்தேன், ஓர் இணைப்பையும் நான் சொடுக்கவே இல்லை. எல்லாக் குறிப்பின் கீழும் ஐந்து வரி இருந்தால் கண் அந்த இடத்தைத் தாண்டிப் போகப் பழகிவிடுகிறது. அதைவிடக் கெட்டது, நான் முன்னால் கையால் போட்டு வைத்திருந்த நூறு சொச்சம் நல்ல இணைப்புகளும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போயின. கோப்புகளின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் கிட் (Git) என்ற நிரலில் பழைய நகல் இருந்ததால் பின்னால் போக முடிந்தது. நீங்களும் எந்த நிரலையாவது கோப்பில் கை வைக்க விடுவதாக இருந்தால் முதலில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இட்டேரி யாரும் வரைபடம் போட்டு வெட்டியது கிடையாது. போகவர வேண்டியவர்கள் போய்வந்து அது தடமானது. நடமாட்டம் நின்றுபோன இட்டேரியில் வேலி இரண்டு பக்கமும் நெருங்கி வந்து கடைசியில் முள்ளாய்த்தான் நிற்கும். அதனால்தான் இப்போது நிரல் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. காட்டும் ஐந்தில் எனக்கு ஒன்று தேறும், சில நாள் அதுவும் இல்லை.

சரிங்க, ஒண்ணு தேறுச்சு. அதை எங்க, எப்படி எழுதறது?

அடியில் 'தொடர்புடையவை' என்று தலைப்புப் போட்டுக் குவிக்காதீர்கள். எந்த வரியைப் படிக்கும்போது அது ஞாபகம் வர வேண்டுமோ அந்த வரியிலேயே வையுங்கள். ஏன் என்பதையும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'பார்க்க: [[தார்ப்பாய் செலவு]]' என்றால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. 'போன தடவையும் பனியால்தான் நிறம் மங்கியது, [[தார்ப்பாய் செலவு]] எழுதியபோதே தெரிந்திருக்கிறது' என்றால் புரியும்.

நிக்லாஸ் லூமான் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் ஏறக்குறைய 90,000 காகிதச் சீட்டுகளை எண் போட்டு மரப்பெட்டிகளில் வைத்திருந்தார். ஒரு சீட்டில் இன்னொரு சீட்டின் எண்ணை எழுதுவதுதான் அவருடைய இணைப்பு. ஒவ்வோர் எண்ணையும் கையால் எழுத வேண்டியிருந்ததால் வேண்டாத இணைப்பை அவர் போட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வாக்கியம் எழுதச் சோம்பலாக இருக்கிறதா? அப்படியானால் அந்த இணைப்பு தேவையில்லை என்று விட்டுவிடுங்கள். நான் இப்படித்தான் பாதியைக் கழிக்கிறேன்.

குறிப்போட பேரை மாத்தினேன், இணைப்பெல்லாம் அந்துபோச்சுங்க.

அப்சிடியனுக்குள் இருந்தே பேரை மாற்றினால் மற்றக் குறிப்புகளில் உள்ள இணைப்பையும் அதுவே மாற்றிவிடும். வெளியே ஃபோல்டரில் போய் மாற்றினால் அறும். இட்டேரி அறுந்தவற்றைப் பட்டியல் போடும், ஒட்டாது.

பேரைப் பற்றி இன்னொன்று. லினக்சிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் கோப்புப் பேர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'பவானிசாகர்' என்பது நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பத்துக் குறியீடு, 30 பைட். ஆகமொத்தம் ஐம்பது எழுத்துக்குள் தலைப்பை முடித்துவிட வேண்டும். 'கீழ்பவானி வாய்க்காலில் இந்த முறை ஒற்றைப்படை மதகுகளுக்குத் தண்ணீர் விட்டபோது எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நாள்' என்று தலைப்பு வைத்தால் விண்டோஸில் உட்காரும், போனுக்குக் கொண்டுபோகும்போது தகராறு செய்யும். 'ஒற்றைப்படை மதகு முறை' போதும்.

இதையெல்லாம் மொத்தமா ஏஐ கிட்டக் குடுத்து 'இணைச்சுக் குடு'ன்னா ஆகாதுங்களா?

குறிப்பில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடன் கணக்கு, ஊராரின் பேர், ஒருவரின் உடம்பு சரியில்லாத சேதி எல்லாம் இருந்தால் அது உங்கள் சொத்து மட்டும் இல்லை. நெட் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கே செல்லாது, ஏனென்றால் இங்கே எல்லாம் வெளியே போகிறது.

மற்றபடி கொடுத்துப் பார்க்கலாம், நானும் பொதுவான குறிப்புகளைக் கொடுத்துப் பார்த்தேன். எதையும் எதோடும் சேர்த்து அழகாக ஒரு காரணம் சொல்லிவிடும், அதுதான் பயம். கோப்பின் பேரையும் அதில் உள்ள வரியையும் அப்படியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய வரி கோப்பில் நிஜமாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். காரண வாக்கியத்தை மட்டும் அதன் கையில் விடாதீர்கள், அதை நீங்கள் எழுதினால்தான் உங்களுக்கு ஞாபகம் நிற்கும்.

எங்க அப்பாரு நோட்டுல கையால எழுதி வெச்சிருக்காருங்க. வாய்க்கால் தண்ணி, மஞ்சள் வெலை, சீக்கு வந்த மாடுன்னு எல்லாம் இருக்குது. அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

அச்சில் உள்ள தமிழைப் படிக்க டெசராக்ட் மாதிரி இலவச நிரல்கள் இருக்கின்றன, சுமாராக வரும். கையெழுத்துக்கு அதை நம்பாதீர்கள். அப்பாருவின் கையெழுத்தை உங்கள் வீட்டிலேயே எத்தனை பேரால் படிக்க முடியும்?

நோட்டை முழுக்க அடித்து முடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர்கள் மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள், எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். பக்கம் பக்கமாகப் போட்டோ மட்டும் எடுத்து, நோட்டு எண், பக்க எண் போட்டுப் பேர் வைத்துவிடுங்கள். அப்புறம் உங்களுக்கு அக்கறையான பக்கத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு: இரண்டு மூன்று வரியில் என்ன இருக்கிறது, எந்த வருடம், போட்டோவின் பேர். இட்டேரிக்கு அந்த மூன்று வரி போதும், பனியையும் களத்தையும் அதிலேயே பிடித்துவிடும். வருடம் போடாமல் 'போன வெள்ளாமை' என்று அவர் எழுதியிருந்தால் பக்கத்தில் வரும் சேதியை வைத்து வருடத்தைக் கணக்குப் போடுங்கள். பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது, கீழ்பவானித் தண்ணீர் பற்றிய பேச்சு வருகிறதா இல்லையா என்பதே ஒரு துப்பு.

அவர் எழுத்தைத் திருத்த மட்டும் வேண்டாம். 'வாய்க்கா' என்று எழுதியிருந்தால் அப்படியே அடியுங்கள். 'வாய்க்கால்' என்ற குறிப்பின் மாற்றுப் பெயர் வரியில் 'வாய்க்கா'வையும் சேர்த்துவிட்டால் இரண்டும் வந்து சேர்ந்துகொள்ளும்.